மழை இல்லாமல் தெருவில் வெள்ளம்: அதை எப்படி அளப்பது?

புயல் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் கடலோரத் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் வடிகால் வழியாகத்தான். மழைநீரைக் கடலில் கொண்டுபோய் விடும் குழாயின் வாயைவிடக் கடல் உயர்ந்துவிட்டால், கடல்நீர் அதே குழாயில் ஏறித் தெருவுக்கு வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் (ஓதம்) அதிகம். கரையை நோக்கிக் காற்றும் வீசினால் இன்னும் ஏறும்.

கடல்மட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது? 1993 முதல் உலகச் சராசரி ஏறக்குறைய 10 செ.மீ. அரைச் சாண்தானே என்று தோன்றும். தாழ்வான தெருவுக்கு அதுவே போதும். எப்போதோ வந்த தண்ணீர் அடிக்கடி வரும்.

இப்படி வரும் வெள்ளத்தை யாரும் அளப்பதில்லையா? அளக்கிறார்கள். கடலின் உயரத்தைத் தொடர்ந்து பதியும் கருவி (ஓதமானி) பல துறைமுகங்களில் உண்டு. குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டினால் வெள்ளம் என்று கணக்கு. ஆனால் உங்கள் தெரு வடிகால் அடைத்திருப்பதோ, அங்கே பெய்த சிறு மழையோ அந்தக் கருவிக்குத் தெரியாது.

அதனால் கணக்கு மாறுமா? நிறையவே மாறும். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆய்வாளர்கள் வடிகால்களுக்குள்ளேயே நீர்மட்டம் அறியும் கருவிகளை (உணரிகள்) வைத்தார்கள். 2023 மே முதல் ஓராண்டில் கரோலினா பீச் என்ற ஊரில் 65 நாள், சீ லெவல் என்ற சிற்றூரில் 128 நாள் வெள்ளம் பதிவானது. ஓதமானியை வைத்துப் போட்ட கணக்கைவிட இது மிக அதிகம்.

கணுக்கால் தண்ணீரால் என்ன கெடும்? உப்புநீர் வண்டியின் அடிப்பாகத்தைத் துருப்பிடிக்க வைக்கும். கழிவுநீர்த் தொட்டி வடியாது. ஆம்புலன்ஸ் சுற்றிப் போகவேண்டி வரும். திறந்து கிடக்கும் சாக்கடைக் குழி கண்ணுக்குத் தெரியாது. எனவே அந்தத் தண்ணீரில் இறங்காதீர்கள்.

கருவி இல்லாமல் நான் என்ன செய்ய முடியும்? தெருவிளக்குக் கம்பத்திலோ மதில்சுவரிலோ அளவுக்கோடு போடுங்கள். தண்ணீர் வந்தால் தேதி, நேரம், உயரம், மழை உண்டா என்பதைக் குறியுங்கள். கோடு தெரியும்படி ஒரு படம் எடுங்கள்.

வீடு வாங்குவதோ வாடகைக்குப் போவதோ என்றால், பௌர்ணமியன்று தெரு எப்படி இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

தண்ணீர் வந்ததை இப்படிக் குறித்துவைப்பதால் பயன் உண்டா? உண்டு. எப்போதாவது வரும் தண்ணீர் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. கடல்நீரை உள்ளே விடாத ஒருவழி அடைப்பை வடிகாலில் வைக்கச் சொல்லியோ, சாலையை உயர்த்தச் சொல்லியோ உள்ளாட்சியிடம் கேட்கும்போது, தேதிவாரியான அந்தக் கணக்கையும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.