பிளாக்பர்ன் ஸ்பிங்ஸ் அந்துப்பூச்சி

பிளாக்பர்ன் ஸ்பிங்ஸ் அந்துப்பூச்சி ஹவாய்த் தீவுகளில் மட்டுமே காணப்படும் ஓர் அந்துப்பூச்சி இனமாகும். அத்தீவுகளுக்கே உரிய பூச்சிகளுள் இதுவே மிகப் பெரியது. இதன் அறிவியல் பெயர் மண்டுகா பிளாக்பர்னி. 19ஆம் நூற்றாண்டில் ஹவாயில் பூச்சிகளைச் சேகரித்த பாதிரியார் தாமஸ் பிளாக்பர்னின் நினைவாக, 1880இல் பட்லர் என்பவர் இப்பெயரைச் சூட்டினார்.

சிறகுகளை விரித்தால் சுமார் 12 செ.மீ. அகலம் இருக்கும். உடல் சாம்பல் கலந்த பழுப்பு நிறமுடையது. வயிற்றின் இருபுறமும் பக்கத்திற்கு ஐந்தாக ஆரஞ்சு நிறப் புள்ளிகள் உண்டு. வளர்ந்த பூச்சி இரவில் பூக்களின் தேனை உறிஞ்சும். அப்பூக்களுள் ஒன்று நம் ஊர்ப் புதர்களிலும் வளரும் கொடிவேலி (சித்திரமூலம்) என்பது வியப்பான செய்தி.

மீண்டும் கிடைத்த கதை

ஒரு காலத்தில் ஹவாயின் பல தீவுகளில் இப்பூச்சி பறந்து திரிந்தது. பின்னர் அரிதாகி, 1970களில் அழிந்தே போய்விட்டது எனக் கருதப்பட்டது. 1984இல் மாவுயித் தீவின் கனாயோ பகுதியிலுள்ள வறண்ட காட்டில் ஒரு சிறு கூட்டம் உயிரோடு இருப்பது தெரியவந்தது. பின்னர் கஹோலவே தீவிலும் ஹவாய்ப் பெருந்தீவிலும் இது கண்டறியப்பட்டது.

கனாயோவில் அது பிழைத்திருந்ததற்குக் காரணம் அங்கு எஞ்சியிருந்த 'ஐயேயா' மரங்கள். இது நோதோசெஸ்ட்ரம் என்ற பேரினத்தைச் சேர்ந்த மரம். கத்தரி, தக்காளி, புகையிலை ஆகியவற்றின் குடும்பமே இதன் குடும்பமும். இப்பேரினத்தில் உள்ளவை நான்கே இனங்கள். நான்கும் ஹவாய்க்கு மட்டுமே உரியவை. அந்துப்பூச்சியின் புழு இம்மரத்தின் இலையைத் தின்றே வளரும். மரம் குறைந்ததால் பூச்சியும் குறைந்தது. தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்ட ஆடுமாடுகள் இளங்கன்றுகளை மேய்ந்துவிடுவதால், முதிர்ந்த மரங்கள் பட்டுப்போகும்போது அவற்றின் இடத்தை நிரப்பப் புதிய மரங்கள் எழுவதில்லை.

களையே காவலான விந்தை

தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரப்புகையிலை ஹவாயில் சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் பரவிய ஒரு களை. அதே குடும்பச் செடி என்பதால் புழுக்கள் அதையும் உண்ணப் பழகிவிட்டன. ஐயேயா இல்லாத கஹோலவேயில் இப்பூச்சி மரப்புகையிலையை நம்பியே வாழ்கிறது. ஆனால் மரப்புகையிலை நீண்டநாள் வாழும் மரமன்று. கடும் வறட்சியில் பட்டுப்போகும். எனவே அதை ஐயேயாவுக்கு நிரந்தர மாற்றாகக் கொள்ள முடியாது. ஐயேயாக் கன்றுகளுக்கு வேலியிட்டு வளர்ப்பதே உறுதியான வழி.

வேறு பகைகளும் உண்டு. வெளியிலிருந்து வந்த எறும்புகள் முட்டைகளையும் புழுக்களையும் தின்கின்றன. பயிர்ப் பூச்சிகளை ஒழிப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளும் இதன் முட்டைகளைத் தாக்குகின்றன. நன்மை கருதிச் செய்த செயல் இங்கே தீமையாக முடிந்தது.

2000ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இதனை அருகிவரும் இனமாக அறிவித்தது. முட்டையிலிருந்து முதிர்ந்த பூச்சியாக 56 நாட்களே போதும் என்றாலும், கூட்டுப்புழு மண்ணுக்குள் ஓராண்டு வரை உறங்கிக் கிடக்கவும் கூடும். எனவே செடியில் புழு இல்லை என்பதால் மட்டும் நிலத்தைத் தோண்டிவிட முடியாது. இப்பூச்சி வாழும் பகுதிகளில் கட்டுமானப் பணி தொடங்குமுன், மழைக்காலத்தில் வல்லுநர் ஒருவர் இலைகளைச் சோதிக்க வேண்டும். மரப்புகையிலையை 3 அடி உயரத்தைத் தாண்டுமுன்பே அகற்றிவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தப்படுகிறது. வளர்ந்த செடியை வெட்டினால் புழுவும் சேர்ந்து மடியக்கூடும்.