ஒரே படம், மூன்று கோப்புறைகள்!

உங்கள் பள்ளி நூலகத்தில் மழையைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அறிவியல் அலமாரியில் வைப்பதா, புவியியல் அலமாரியில் வைப்பதா? ஒரே புத்தகம் இரண்டு அலமாரிகளில் இருக்க முடியாதல்லவா? நூலகர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். புத்தகம் ஓரிடத்தில் இருக்கும். அதைப் பற்றிய அட்டைகள் பல தலைப்புகளில் இருக்கும். எந்த அட்டையைப் பார்த்தாலும் அது அந்த ஓரிடத்தையே காட்டும்.

இணையதளங்களிலும் இதே சிக்கல் உண்டு. தீர்வும் ஏறக்குறைய இதுதான்.

இடம் மாறினால் என்ன?

ஒரு பள்ளியின் இணையதளத்தில் 2019ஆம் ஆண்டு நடந்த ஓட்டப் பந்தயத்தின் படம் இருக்கிறது. அதை ‘விளையாட்டு’ என்ற கோப்புறையில் வைக்கலாம். ‘2019’ என்ற கோப்புறையிலும் வைக்கலாம். ஓடியவர்கள் பத்தாம் வகுப்பினர் என்பதால் ‘பத்தாம் வகுப்பு’ கோப்புறையிலும் வைக்கலாம். மூன்றிலும் நகல் வைத்தால் மூன்று மடங்கு இடம் பிடிக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்ற இரண்டும் பழையபடியே இருக்கும்.

சரி, ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிட்டால்? அங்கேதான் ஆபத்து! இணையத்தில் ஒரு கோப்பின் முகவரியில், அது இருக்கும் கோப்புறையின் பெயரும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். கோப்புறை மாறினால் முகவரியும் மாறும். பழைய முகவரியைக் குறித்து வைத்திருந்தவர்களுக்கு ‘404, கிடைக்கவில்லை’ என்ற பதில்தான் வரும். படம் அழியவில்லை, அதற்குப் போகும் வழிதான் அறுந்துவிட்டது.

இது சிறிய விஷயமன்று. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு, பத்தாண்டுகளுக்குப் பின் திறக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் அறிவித்தது. அவற்றில் பல நீக்கப்பட்டவை. ஆனால் முகவரி மாறினாலும் வாசகருக்கு விளைவு ஒன்றே. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, முகவரிகளை மாற்றாதீர்கள் என்று 1998இலேயே எழுதினார்.

மூன்று அட்டவணைகள்

அப்படியானால் கோப்பை நகர்த்தாமலே எப்படி ஒழுங்குபடுத்துவது? தரவுத்தளத்தில் மூன்று அட்டவணைகள் போதும்.

முதல் அட்டவணை கோப்புகளுக்கு உரியது. நம் படத்தின் எண் 57. அருகில் அதன் முகவரி. இரண்டாவது அட்டவணையில் கோப்புறைகளின் பெயர்கள்: 3 விளையாட்டு, 8 2019, 12 பத்தாம் வகுப்பு. மூன்றாவது அட்டவணையில் வெறும் எண் சோடிகள்தாம்: 57–3, 57–8, 57–12.

இப்போது ‘விளையாட்டு’ கோப்புறையைத் திறக்கிறீர்கள். கணிப்பொறி மூன்றாவது அட்டவணையில் 3 என்ற எண்ணோடு சேர்ந்த கோப்புகளைத் தேடி எடுத்துக் காட்டும். உண்மையில் அங்கே கோப்புறை எதுவும் இல்லை! அதனால்தான் இதை ‘மெய்நிகர் கோப்புறை’ என்கிறோம். படத்தை வேறு கோப்புறைக்கு மாற்ற ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். முகவரி அப்படியே இருக்கும்.

2019இல் நடந்த விளையாட்டுகள் மட்டும் வேண்டுமா? 3, 8 ஆகிய இரண்டிலும் உள்ள கோப்புகளை எடுத்தால் போதும். நீங்கள் கணக்குப் பாடத்தில் படித்த ‘கணங்களின் வெட்டு’தான் இது! இத்தகைய அட்டவணைகளுக்குக் கணக் கோட்பாட்டின் அடிப்படையில் 1970இல் இலக்கணம் வகுத்தவர் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட்.

2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் பல இணையதளங்கள் இயங்குகின்றன. அது வழக்கமாகப் படங்களை ஆண்டு, மாதவாரியாகச் சேமித்து, விவரங்களைத் தரவுத்தளத்தில் எழுதுகிறது. படங்களை இடம் மாற்றாமல் மெய்நிகர் கோப்புறைகளில் பிரித்துக் காட்டும் துணை மென்பொருள்களும் அதற்கு உண்டு.

ஓர் எச்சரிக்கை

தரவுத்தளம் அழிந்தால்? படங்கள் இருக்கும், எது எந்தக் கோப்புறையைச் சேர்ந்தது என்பது போய்விடும். அட்டைகள் எரிந்துபோன நூலகத்தைப் போல! ஆகவே கோப்புகள், தரவுத்தளம் இரண்டுக்கும் சேர்த்தே காப்பு நகல் எடுக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

வீட்டிலுள்ள இருபது புகைப்படங்களின் பின்புறம் பென்சிலால் எண்ணிட்டு, ஒரே பெட்டியில் வரிசையாக வையுங்கள். ஒரு நோட்டில் மேலே சொன்ன மூன்று அட்டவணைகளையும் எழுதுங்கள். பிறகு, ‘பாட்டி’யும் ‘பொங்க’லும் சேர்ந்த படங்களைப் பெட்டியைக் கிளறாமலே சொல்லிப் பாருங்கள்!