பழைய விரைவுக் காரா, புதிய கூப்பேயா?

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறார். மணமாகி ஈராண்டு ஆகிறது. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், தம் மனத்துக்குப் பிடித்த கார் ஒன்று வாங்க வேண்டுமென்பது அவர் ஆசை. இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று 2003-ஆம் ஆண்டில் கட்டிய பி.எம்.டபிள்யூ. எம் 3. மற்றொன்று 2014-ஆம் ஆண்டு டொயோட்டா 86. இரண்டுக்கும் கேட்கும் விலை ஏறத்தாழ ஒன்றே.

“எதை வாங்கலாம், சார்?” என்றார்.

“நான் மெக்கானிக் இல்லையே, தம்பி” என்றேன்.

“கணக்கு நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அன்று அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறேன். கார் வாங்கும் எண்ணம் சிறிதும் இல்லாத ஆசிரிய அன்பர்களுக்கும் இது பயன்படக்கூடும். விசை, திறன், ஆற்றல் என்னும் மூன்றையும் பிரித்துணர்த்த, பையன்கள் காது கொடுத்துக் கேட்கும் எடுத்துக்காட்டு இதைவிட வேறு கிடைப்பது அரிது.

முதற்கண் கூப்பே என்னும் சொல். இது பிரெஞ்சு மொழிச் சொல். ‘வெட்டப்பட்டது’ என்பது பொருள். குதிரை வண்டிக் காலத்தில் நால்வர் அமரும் வண்டியின் ஒரு பகுதியை வெட்டிச் சுருக்கி இருவர்க்கு ஆக்கிய வண்டிக்கு இப்பெயர் வழங்கியது. இன்று இரு கதவும் தாழ்ந்து சரியும் கூரையும் உடைய காருக்கு வழங்குகிறது. அவ்வகையில் நம் இரு கார்களும் கூப்பேக்களே. வேறுபாடு வயதிலும் நோக்கத்திலும் உள்ளது.

எம் 3 என்பது சாதாரண 3-வரிசைக் காரை எடுத்து, பந்தயக் காரின் தன்மை வருமாறு திருத்திக் கட்டியது. இ 46 என்று அறியப்படும் இந்தத் தலைமுறை 2000 முதல் 2006 வரை உற்பத்தியில் இருந்தது. ஆறு சிலிண்டர், 3,246 சி.சி., 343 குதிரைத்திறன். டொயோட்டா 86 என்பது டொயோட்டாவும் சுபாருவும் கூடி 2012-இல் வெளியிட்ட கார். நான்கு சிலிண்டர், 1,998 சி.சி., 200 குதிரைத்திறன். 1983-இல் வந்த ஏ.இ. 86 என்னும் சிறு கொரொல்லாவின் நினைவாகவே இதற்கு இப்பெயர். இளைஞர் விரும்பிப் படிக்கும் ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றில் தவ்ஃபூ கொண்டுசெல்லும் அந்தப் பழைய வண்டியை அறியாத பையன் நம் ஊரில் இல்லை. புதிய காரின் சிலிண்டர் குறுக்களவு 86 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓட்டமும் 86 மில்லிமீட்டர்.

விளம்பரங்களைப் படிப்போர் ஒன்று கவனிக்க வேண்டும். எம் 3-க்கு ஓரிடத்தில் 343 என்றும் வேறோரிடத்தில் 338 என்றும் போட்டிருப்பார்கள். இரண்டும் சரியே. ஐரோப்பியக் குதிரை 735.5 வாட், ஆங்கிலேயக் குதிரை 745.7 வாட். ஆங்கிலேயக் குதிரை சற்றே பெரிதாகையால் எண்ணிக்கை குறைகிறது, அவ்வளவே. 338 உள்ள கார் 343 உள்ளதைவிட மட்டம் என்று விலை பேசுவோரும், அதை நம்புவோரும் உண்டு.

குதிரைத்திறனோடு முறுக்குவிசை என்ற ஒன்றும் பேசப்படும். மண்வெட்டியால் ஒரு வெட்டில் எவ்வளவு மண் பெயர்கிறது என்பது முறுக்குவிசை போன்றது. ஒரு நிமிடத்தில் எவ்வளவு மண் பெயர்கிறது என்பது திறன். ஆழ வெட்டினாலும் திறன் கூடும். வேகமாக வெட்டினாலும் கூடும். எம் 3-இன் முறுக்குவிசை 365 நியூட்டன் மீட்டர். நிமிடத்துக்கு 4,900 சுற்றில் அதன் உச்சம் கிடைக்கிறது. டொயோட்டாவுக்கு 205தான், அதுவும் 6,400 சுற்றுக்கு மேல். போதாக்குறைக்கு 4,000 சுற்றை ஒட்டி அதன் இழுவையில் ஒரு தொய்வு உண்டு. கேமரன் மலைப் பாதையில் லோரியை முந்த எம் 3-க்கு வலக்கால் போதும். டொயோட்டாவுக்கு இடக்காலும் இடக்கையும் சேர்ந்து உழைக்க வேண்டும். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எம் 3-க்கு 5.2 விநாடி, டொயோட்டாவுக்கு 7.6 விநாடி.

இவ்வளவு தூரம் கேட்டதும் மாணவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் உள்ளம் முன்பே எம் 3-இன் பக்கம் சாய்ந்திருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் அந்தத் திறன் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டுமல்லவா? எம் 3-இன் பிஸ்டன் ஓட்டம் 91 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு அது ஒருமுறை மேலும் ஒருமுறை கீழும் சென்று வருகிறது. ஆக 182 மில்லிமீட்டர். அதன் உச்சத் திறன் கிடைக்கும் 7,900 சுற்றில் கணக்கிட்டால், பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 24 மீட்டர். அதுவும் நேரே ஓடும் ஓட்டமன்று. மேல்முனையிலும் கீழ்முனையிலும் நின்று திரும்ப வேண்டும். ஒரு விநாடியில் 263 தடவை நின்று திரும்புகிறது. டொயோட்டாவின் 7,000 சுற்றுக்கு இதே கணக்கைப் போட்டால் விநாடிக்கு 20 மீட்டர் வருகிறது. இந்த ஆட்டத்தின் அடியையெல்லாம் வாங்கிக்கொள்வது இணைப்புத் தண்டின் அடியில் இருக்கும் பேரிங். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையில் மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே நிற்கிறது. எம் 3-இல் அடிக்கடி பேசப்படும் பழுது இதுவே. தொடக்க ஆண்டுகளில் கட்டிய வண்டிகளுக்கு இந்த பேரிங்குகளை மாற்றித் தர நிறுவனமே முன்வந்தது. இன்றும் அறிந்தோர் இதனை எண்ணெய் போலத் தேயும் பொருளாகக் கருதி, தேய்ந்து சத்தம் வருமுன்பே மாற்றிவிடுகின்றனர். சத்தம் வந்தபின் மாற்றினால் இயந்திரத்தையே மாற்ற நேரிடலாம்.

அந்தக் காரைக் கட்டியவர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். சுற்றுமானியின் விளிம்பில் வரிசையாகச் செம்மஞ்சள் விளக்குகள் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் குளிர்ந்திருக்கையில் அவை எரிந்து, ‘இதற்கு மேல் சுற்றாதே’ என்று தடுக்கும். எண்ணெய் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணையும். நல்ல ஏற்பாடு. ஆயினும் இருபது ஆண்டுகளில் அந்த வண்டியை ஓட்டிய அத்தனை பேரும் அந்த விளக்குகளுக்குப் பணிந்தார்களா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை விற்பவரின் வாயில் இராது; பழைய பட்டறைச் சீட்டுகளில் இருக்கும். சீட்டில்லையேல் எண்ணெய் வடிகட்டியை வெட்டித் திறந்து, உள்ளே செம்பு நிறப் பொடி மினுங்குகிறதா என்று பார்ப்பது ஒரு வழி.

இரண்டாவது, அடித்தகடு. பின் அச்சைத் தாங்கும் சட்டம் காரின் அடித்தகட்டில் நான்கு இடங்களில் பூட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முடுக்கத்திலும் தடுப்பிலும் அந்த இடங்கள் இழுபட்டு, இ 46 வகைக் கார்களில் நாளடைவில் விரிசல் விடுவதுண்டு. தகடு வைத்துப் பற்றவைத்துச் சரிசெய்யலாம். ஆனால் பின் அச்சு முழுவதையும் இறக்கியாக வேண்டும். மேலே பளபளவென்று மெருகிட்ட கார் அடியில் கிழிந்திருக்கக்கூடும். பெயர் மாற்றத்தின்போது நடக்கும் பரிசோதனையில் தேறியது என்று விற்பவர் சீட்டு காட்டலாம். அந்தப் பரிசோதனையில் பேரிங்கைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, வெறும் முதுமை. குளிர்நீர்த் தொட்டி பிளாஸ்டிக். குழாய்களும் அச்சின் புதைகளும் ரப்பர். நம் நாட்டு வெயிலில் அவை ஓடாமல் நின்றாலும் கெடும். ‘குறைவாக ஓடிய வண்டி’ என்று சொல்வது இவற்றுக்குப் பொருந்தாது.

உயிரைப் பற்றிய ஒன்றும் உண்டு. தக்காத்தா என்னும் ஜப்பானிய நிறுவனம் செய்த காற்றுப்பைகளில் ஊதுமருந்தாக அம்மோனியம் நைட்ரேட் பயன்பட்டது. ஈரமும் வெப்பமும் பல ஆண்டுகள் தாக்கினால் அம்மருந்து சிதைந்து, மோதலின்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் கூட்டைத் துண்டு துண்டாக ஓட்டுநர் மீது வீசக்கூடும். உலகெங்கும் பலர் இதனால் உயிரிழந்தனர். நிறுவனமும் 2017-இல் நொடித்துப்போயிற்று. வெப்பமும் ஈரமும் நம் நாட்டில் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. காற்றுப்பை மாற்றத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்ட கார்களில் இ 46-உம் ஒன்று. எந்தக் காரானாலும், பணம் கொடுக்குமுன் அதன் சட்ட எண்ணை முகவரிடம் காட்டி, மாற்ற வேண்டியவை மாற்றப்பட்டனவா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனிச் சாலை வரி. தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு 3,000 சி.சி.க்கு மேற்பட்டால் அடிப்படை 2,130 வெள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு சி.சி.க்கும் 4 வெள்ளி 50 சென். எம் 3-க்கு 246 சி.சி. மிகுதி, ஆக ஆண்டுக்கு 3,237 வெள்ளி. டொயோட்டாவுக்கு 280 வெள்ளியோடு 198 சி.சி.க்கு 50 சென் வீதம் 99 வெள்ளி, மொத்தம் 379. ஐந்தாண்டுகளில் வேறுபாடு 14,290 வெள்ளி. பெட்ரோலில் வேறுபாடு அவ்வளவு இல்லை. இரண்டுமே உயர் அழுத்த இயந்திரங்களாகையால் இரண்டுக்கும் மானியமில்லாத உயர்ரக எண்ணெயே தகும். எம் 3 கூடுதலாகக் குடிக்கும். பழைய காருக்கு வங்கிகள் தவணைக் கடன் தரத் தயங்கும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

எடையில்தான் சுவையான கணக்கு இருக்கிறது. எம் 3 ஏறத்தாழ 1,495 கிலோ. டொயோட்டா ஏறத்தாழ 1,240 கிலோ. இயக்க ஆற்றல் எடையோடு நேர்விகிதத்திலும் வேகத்தின் இருமடியோடும் வளர்வது. போட்டுப் பாருங்கள்: 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் எம் 3-இடம் உள்ள ஆற்றல், 110-இல் செல்லும் டொயோட்டாவிடம் உள்ளதற்குச் சமம். எம் 3 நிற்காது என்று இதற்குப் பொருளில்லை. அதன் பிரேக் தட்டுகள் பெரியவை. ஆனால் அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகி அத்தட்டுகளிலேயே இறங்க வேண்டும். தேய்ந்ததை மாற்றும் செலவு உரிமையாளர் பையில் இறங்கும். அதோடு நம் நெடுஞ்சாலையில் உச்சவரம்பு 110. அந்த 343 குதிரைகளில் பெரும்பாலானவை ஆயுள் முழுதும் தொழுவத்திலேயே நின்று தீனி தின்னும். டொயோட்டாவின் 200 குதிரைகளை அடிக்கடி வெளியே கொண்டுவரலாம். அதற்கு இட்ட டயரும் குறுகியதாகையால், வளைவில் கார் பேசுவது மிதமான வேகத்திலேயே ஓட்டுநர்க்குக் கேட்கும்.

புதியது குறையற்றது என்று சொல்லவில்லை. தொடக்க ஆண்டுகளில் கட்டிய 86 கார்கள், வால்வுச் சுருள்வில் முறியக்கூடும் என்று 2018-இல் திரும்ப அழைக்கப்பட்டன. அதை மாற்ற இயந்திரத்தையே வெளியே எடுக்க வேண்டும். பின்னிருக்கை பெயருக்குத்தான், என் உயரத்து ஆள் அதில் அமர முயன்றால் மானம் போகும். எம் 3-இன் பின்னிருக்கையில் மனிதர் அமரலாம். நாளை குழந்தை பிறந்தால் இது சிறிய செய்தியன்று.

ஆகவே மாணவரிடம் ஒன்று கேட்டேன்: “காலையில் வேலைக்குப் போக வீட்டில் வேறு கார் இருக்கிறதா?” இல்லை என்றார். இருந்திருந்தால், அடித்தகடும் பேரிங்கும் சரிசெய்த சீட்டோடு வரும் எம் 3-ஐ, பழுதுக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி வைத்துக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். அத்தகைய இயந்திரம் இனி எளிதில் கட்டப்படாது. நன்கு காத்த வண்டிகளின் விலை ஏறியும் வருகிறது. ஒரே காராக இருந்து நாள்தோறும் ஓட வேண்டுமெனில் டொயோட்டாதான் என் முடிவு.

அவர் முகம் சற்று வாடியது. “சரி சார், ஆனால் ஒருமுறை எம் 3-ஐ ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்” என்றார். ஓட்டிப் பார்க்கட்டும். முதல் பத்து நிமிடம் அந்தச் செம்மஞ்சள் விளக்குகளுக்குப் பணியும்படி மட்டும் சொல்லி அனுப்பினேன்.