தோல் இருக்கைகளைப் பேணும் முறை

வீடுகளிலும் நூல்நிலையங்களிலும் தோல் போர்த்திய நாற்காலிகளையும் சாய்விருக்கைகளையும் நாம் காண்கிறோம். ஒரே காலத்தில் செய்யப்பெற்ற இரண்டு நாற்காலிகளுள் ஒன்று, பாட்டன் காலம் தொட்டுப் பேரன் காலம் வரையில் மெருகு குன்றாமல் விளங்குகின்றது; மற்றொன்று, சில ஆண்டுகளிலேயே வெடித்து உரிந்து மூலையில் ஒதுக்கப்படுகின்றது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? கவனியாமல் விடுவதால் மட்டுமன்றி, தோலின் இயல்பை அறியாமல் பேணுவதாலும் அது கெடுகின்றது.

தோல், முன்னர் ஓர் உயிரின் உடலை மூடியிருந்த போர்வையாகும். எண்ணற்ற நுண்ணிய நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் வலை போன்றது அது. அந்நார்கள் 'கொல்லாஜன்' என்னும் புரதத்தால் ஆனவை. உரித்த பச்சைத்தோலை ஈரமாக விட்டால் விரைவில் அழுகிவிடும்; உலர விட்டாலோ கொம்பு போல இறுகிவிடும். இவ்விரு கேடுகளுக்கும் இடையே தோலை நிலைநிறுத்தும் கலையே பதனிடுதல்.

நம் நாட்டில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோலைப் பதனிட்டனர். ஆவாரை பூத்திருக்கும்போது இறப்பாருண்டோ என்னும் கருத்தில் ஒரு பழமொழி வழங்குகின்றது. இறந்த விலங்கின் தோலையும் அழியாமல் காப்பது அச்செடியின் பட்டையே! அதிலுள்ள துவர்ப்புப் பொருள் நார்களைப் பற்றிக்கொண்டு அழுகலைத் தடுக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை தோன்றியது. இன்று உலகில் பெரும்பாலான தோல் இம்முறையிலேயே பதனிடப்படுகின்றது. எம்முறையாயினும், பின்னர் அளவாக எண்ணெய் ஊட்டுவர். அதனால் நார்கள் ஒட்டிக்கொள்ளாமல் நெகிழ்ந்து அசைகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இத்தொழிலில் பெயர் பெற்றவை. இதனை ஆராய்வதற்கென்றே 1948-ஆம் ஆண்டில் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது.

பதனிட்டவர் தந்த பதத்தை மாறாமல் காப்பதே வீட்டில் நாம் செய்யவேண்டிய பணி. முதலில் தோலின் வகையை அறிதல் வேண்டும். இருக்கையின் மறைவான ஓரிடத்தில் ஒரு சொட்டு நீரை இடுக. அது முத்துப்போல் நின்றால், தோலின்மீது வண்ணப்பூச்சு உண்டு என்று அறியலாம். அதனை ஈரம் பிழிந்த துணியால் துடைக்கலாம். நீர் உடனே உள்ளிறங்கி அவ்விடம் கருத்தால், அது பூச்சில்லாத தோல். அதற்கு உலர்ந்த மெல்லிய துணியே ஏற்றது.

தூசியை நாள்தோறும் அகற்றுதல் நலம். தூசித் துகள்கள் உராய்ந்து மேற்பரப்பைத் தேய்த்துவிடும். துணி வெளுக்கும் சவர்க்காரத்தைப் பயன்படுத்துதல் கூடாது. அதன் காரத்தன்மை தோலுக்குப் பகை. எண்ணெய் தேய்த்த தலையைச் சாய்க்கும் இடம் விரைவில் கருத்து நைந்துபோகும். ஆகவே, அங்கே ஒரு துணியை விரித்துவைத்தல் வேண்டும்.

தோல் வறண்டதெனக் கருதிச் சிலர் தேங்காயெண்ணெயை வழிய வழியப் பூசுகின்றனர். பூச்சுள்ள தோலில் அது உள்ளே செல்லாது. பூச்சில்லாத தோலிலோ மிகுதியாக ஊறிக் கறையை உண்டாக்கும். எஞ்சிய எண்ணெய் தூசியை ஈர்த்துச் சிக்கு நாற்றம் அடையும். தோலுக்கென்றே செய்யப்பட்ட களிம்பை, வேண்டும்போது மட்டும், சிறிதளவு தடவுவதே முறை.

மழைக்காலத்தில் வேறொரு பகை தோன்றுகின்றது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 70 பங்கிற்குமேல் நீடித்தால் தோலில் பூஞ்சை படரும். உடனே இருக்கையை வெயிலில் இடுவோர் பலர். வெயிலில் நிறம் மங்கும். ஈரமும் எண்ணெய்ப்பசையும் வற்றித் தோல் வெடிக்கும். இருக்கையை வெளியே நிழலில் வைத்துப் பூஞ்சையை மெல்லத் துடைத்து, காற்றாட விடுதலே தக்கது. அறைக்குள் தட்டினால் அதன் வித்துகள் எங்கும் பரவும். சுவரை ஒட்டாமல் சிறிது இடம் விட்டு இருக்கையைப் போடுவதும் நன்று. நீரோ மையோ சிந்தினால், தேய்க்காமல் ஒற்றி எடுத்து நிழலிலேயே உலர்த்துக.

தோலுக்கு வரும் கேடுகள் யாவும் கண்ணுக்குப் புலப்படுவன அல்ல. 1840-களில் இலண்டன் மாநகரத்து அத்தீனியம் கழகத்தில் நாற்காலிகளின் தோலும் நூல்களின் தோலட்டையும் நைந்து உதிர்ந்தன. அறிவியலறிஞர் மைக்கேல் பாரடே அதனை ஆராய்ந்தார். அங்கே எரிந்த வாயு விளக்குகளிலிருந்து எழுந்த கந்தகப் புகையே காரணம் என்று கண்டார். புகையைக் குழாய் வழியே வெளியேற்றும் விளக்கமைப்பு ஒன்றையும் வகுத்தார். தோலைத் தேய்த்துக்கொண்டிராமல் கேட்டின் காரணத்தைத் தேடியமையே அவர்தம் சிறப்பு.

ஒரு தோல் நாற்காலியில் ஓர் உயிரின் உடலும், துவர்நீர்த் தொட்டியருகே நின்று உழைத்தவர் வியர்வையும், தச்சரின் கைத்திறனும் அடங்கியுள்ளன. அதனை அறியாமையால் பாழாக்குதல், அவையனைத்தையும் வீணாக்குவதாகும். மிகுதியும் குறைவும் இன்றிப் பதமறிந்து பேணுவோமாக! அவ்வாறு பேணினால், இன்று நாம் அமரும் இருக்கையில் நாளை நம் வழித்தோன்றல்களும் அமர்வர்.