கசையடி பட்டவர் சட்டம் இயற்றினார்!

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரை உருவாக்கியவர்களுள் ஒருவர் மதுக்கடைக்காரர் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவர்தான் ஜான் பாஸ்கோ ஃபாக்னர்.

1792இல் லண்டனில் பிறந்தார். திருட்டுப் பொருளை வாங்கிய குற்றத்திற்காகத் தந்தை நாடு கடத்தப்பட்டார். 1803இல் தாயும் பிள்ளைகளும் அதே கப்பலில் ஏறினார்கள். அப்போது சிறுவனுக்கு வயது 10.

டாஸ்மேனியாவில் வளர்ந்தார். 1814இல் கைதிகள் தப்பியோடப் படகு கட்ட உதவியதற்காக 500 கசையடியும் மூன்றாண்டுக் கடுங்காவலும் கிடைத்தன.

அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. ரொட்டி சுட்டார், மரம் அறுத்தார், லான்செஸ்டன் ஊரில் மதுவிடுதி கட்டினார். 1835இல் மெல்பர்னுக்கு வந்து அங்கும் விடுதி திறந்தார். 1838இல் பத்திரிகை தொடங்கினார். அச்சு எந்திரம் இல்லை. முதல் இதழ்கள் கையெழுத்திலேயே வெளிவந்தன!

1851 முதல் 1869இல் இறக்கும் வரை விக்டோரியா சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். நிலத்தை வளைத்துப்போட்ட பெரிய ஆட்டுப் பண்ணைக்காரர்களை எதிர்த்து, ஏழைக் குடியானவனுக்கும் நிலம் வேண்டும் என்று வாதாடினார்.

ஆனால் அந்த மண் கூலின் பழங்குடியினருடையது. அவர்களிடமிருந்து அது பறிபோனதில் இவருக்கும் பங்குண்டு. தங்கம் தேடி வந்த சீனர்களைத் தடுக்க வேண்டும் என்றும் பேசினார். கப்பலேறி வந்த பிள்ளை, பின்னால் வந்தவர்களுக்குக் கதவடைக்கலாமா?

நம் முன்னோரும் கப்பலேறி வந்தவர்கள்தாம். ஃபாக்னரின் விடாமுயற்சியை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். அவர் மறந்ததை நாம் மறவாதிருப்போம்.