பொட்டலத்துக்குள் ஒரு கணக்கு

ஆகாரமும் ஆரோக்கியமும் – 14

உடல் இளைக்க வேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டவர்களுக்கு எழுதப்படும் உபதேசங்களில் பெரும்பாலானவை, அவர்கள் நாள்தோறும் தம் வீட்டு அடுப்பில் தாமே நிதானமாகச் சமைத்து, அளந்து பரிமாறி, மென்று உண்பவர்கள் என்ற அனுமானத்தின் மேல் எழுந்தவை. திருவனந்தபுரத்தில் உத்தியோகம் பார்த்துவிட்டு மாலை ரயிலில் குழித்துறை வந்து இறங்கி, ஸ்கூட்டரைக் கிளப்பி, வழியில் ஏதாவது ஒரு ஹோட்டல் வாசலில் நின்று பார்சல் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேருகிற ஒரு குமாஸ்தாவுக்கோ நர்ஸுக்கோ அந்த உபதேசங்களால் என்ன பிரயோஜனம்? வீட்டு அடுக்களையைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம்; கடையிலிருந்து வீட்டுக்குள் நுழையும் பொட்டலத்தைப் பற்றி இந்த வாரம் பேசுவோம். பார்சலை அடியோடு நிறுத்திவிடுங்கள் என்று சொல்வது எளிது. சொல்பவருக்கு மட்டுமே எளிது.

கலோரிக் கணக்கு மேல்நாட்டிலிருந்து வந்த நாகரிக வியாதி என்று நம்மவர்களில் சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் நம் நாட்டு உணவுகளுக்கு அந்தக் கணக்கை முறையாகப் போட்டுப் பார்த்த இடம் நீலகிரிக் குன்னூர்தான். 1918-இல் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர், பெரிபெரி நோயின் காரணத்தை ஆராய்வதற்காக அங்கே பாஸ்டர் நிலையத்தில் ஒற்றை அறையில் தொடங்கிய முயற்சி, காலக்கிரமத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. 1935 முதல் பத்தாண்டுக் காலம் அதற்குத் தலைவராயிருந்த ஆய்க்ராய்டு என்பவர், இந்திய உணவுகளின் சத்து மதிப்பையும் போதுமான ஆகாரத்தைத் திட்டமிடும் முறையையும் விளக்கும் அட்டவணைப் புத்தகத்தை 1937-இல் வெளியிட்டார். வங்காளப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனிலும் அவர் ஓர் அங்கத்தினர். ஆக, சொற்பக் காசுள்ள குடும்பத்தின் வயிறு எவ்வாறு நிரம்பும் என்ற கவலையில் பிறந்த அட்டவணை அது. ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. அதன் வாரிசான தேசிய நிறுவனம் 2017-இல் புதிய அட்டவணைகளை வெளியிட்டது. பஞ்சத்தை மனத்தில் வைத்துப் போட்ட அதே கணக்கை இன்று நாம் தலைகீழாக வாசிக்கிறோம். சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நாடு முழுவதும் நடத்தி 2023-இல் முடிவுகளை வெளியிட்ட பெரிய ஆய்வு, இந்தியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகக் கண்டது என்பதை நினைத்தால், இந்தத் தலைகீழ் வாசிப்பு வீண் ஆடம்பரம் அல்ல என்பது விளங்கும்.

குழித்துறையின் உணவிலும் இந்த இரண்டு காலங்களும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. வெளியூரார் இந்த ஜில்லா முழுவதையும் நாஞ்சில் நாடு என்று சொல்லிவிடுகிறார்கள். உள்ளபடி தோவாளையும் அகஸ்தீசுவரமுமே ஏரியும் வயலும் சூழ்ந்த நாஞ்சில் நாடு, சோற்று நாடு. குழித்துறையைத் தலைநகராகக் கொண்ட விளவங்கோடு தாலுகாவோ மேடும் பள்ளமுமாய், தென்னையும் ரப்பரும் மரச்சீனியுமாய்க் கிடப்பது. தென்னமெரிக்காவில் பிறந்து போர்ச்சுக்கீசியரோடு கடல் கடந்து வந்த அந்தக் கிழங்கை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பயிரிடச் சொல்லி ஊக்குவித்தார். 1942-இல் ஜப்பானியர் கைக்குப் பர்மா போனதும், அந்த அரிசியையே நம்பியிருந்த திருவிதாங்கூர் ஜனங்களின் பசியை ஆற்றியது பெரும்பாலும் இந்தக் கிழங்குதான். அரிசி கிடைக்காத வீட்டின் ஆகாரம் என்று ஒரு காலத்தில் சற்றுத் தாழ்வாகப் பார்க்கப்பட்ட கிழங்கும் மீனும், இன்று ஹோட்டல்களில் விசேஷப் பதார்த்தமாகி, அலுமினியத் தாள் மூடிய டப்பாவில் வீட்டுக்குப் போகின்றன.

இந்தப் பதார்த்தத்தை இளைக்க விரும்புகிறவர் வாங்கலாமா? வாங்கலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. பச்சைக் கிழங்கு 100 கிராமில் ஏறக்குறைய 160 கலோரி உண்டு. கால் கிலோ கிழங்கு 400 கலோரிக்குச் சமம். புரதமோ 100 கிராமுக்கு ஒன்றரை கிராம் அளவே. வெறும் மாவுச் சத்தான இந்தக் கிழங்கோடு, எடையில் ஐந்தில் ஒரு பங்கு புரதமாகவே இருக்கிற மீனைச் சேர்த்துக்கொண்ட நம் பாட்டிமார்கள் எந்த அட்டவணையையும் படித்தவர்கள் அல்லர். அவர்களுடைய யுக்தியின் பலனை நாம் அடைய வேண்டுமானால், கிழங்கு கையளவாகவும் மீன் தாராளமாகவும் இருக்க வேண்டும். கடைக்காரர் விஷயத்திலோ இது நேர் எதிராக நடக்கும்; கிழங்கு மலிவு, மீன் கிராக்கி. ஆகவே ஒரு பிளேட் கிழங்கை வீட்டில் இரண்டு பேர் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு மீன் குழம்பு தனியாக வாங்குவதே விவேகம். அந்த மீனும் குளச்சலிலிருந்தோ தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ வந்த சாளையாகவோ அயிலையாகவோ இருந்தால் பணமும் மிச்சம். அதே மீனை மசாலா தடவிப் பொரித்து வாங்கினால், அது உறிஞ்சிக்கொண்ட எண்ணெய்க்கும் சேர்த்து நாம் கணக்குச் சொல்ல வேண்டிவரும். தேங்காய் எண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி ஏறக்குறைய 120 கலோரி. தேங்காய் நம் ஊர்ச் சொத்து என்பதற்காக அந்த எண்ணெய் சலுகை எதுவும் காட்டுவதில்லை. நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், கிழங்கைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுமுன் தம் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உத்தமம். இரவு ஆகாரத்தைத் திடீரென்று குறைத்து மருந்தைக் குறைக்காமல் விட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும்.

இனி பொரோட்டா. இதைப் பற்றி எழுதாமல் குழித்துறைப் பார்சலைப் பற்றி எழுதினேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அறுபது கிராம் மைதாவும் அதன் மடிப்புகளுக்குள் ஊறிய எட்டு கிராம் எண்ணெயும் கொண்டது ஒரு பொரோட்டா என்று வைத்துக்கொண்டால், மைதாவில் 210, எண்ணெயில் 72, ஆக ஏறக்குறைய 280 கலோரி. மூன்று தின்பவருக்கு 840. எண்ணெய் மிதக்கும் சால்னாவையும் அதன்மேல் ஊற்றிக்கொண்டால் கணக்கு ஆயிரத்தைத் தாண்டும். சராசரி மனிதர் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் வேண்டியதாகச் சொல்லப்படும் 2000 கலோரியில் பாதி, கை கழுவுவதற்குள் முடிந்துவிடுகிறது. இதில் பொரோட்டாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல. அதைச் சால்னா இல்லாமல் வாங்க முயன்று பாருங்கள்:

“அண்ணே, ரெண்டு பொரோட்டா, ஒரு பீஃப் பெரட்டு. சால்னா வேண்டாம்.”

“வேண்டாம்னா எப்பிடி மக்களே, தொண்டையில எறங்காண்டாமா? சும்மாத்தான் தாறேன், கொண்டு போ.”

இந்த ‘சும்மா’வில்தான் விஷயம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதை அளந்து உண்கிற மனிதர்கூட, இலவசமாக வந்த சால்னாவை வீணாக்க மனமின்றி, அதற்குத் துணையாக மூன்றாவது பொரோட்டாவைத் தேடுகிறார். இரண்டு பொரோட்டாவும் கொழுப்பு நீக்கிய இறைச்சியும் நறுக்கிய வெங்காயமும் வெள்ளரியும் என்று நிறுத்திக்கொள்பவருக்கு, வாரத்தில் ஒரு நாள் அதனால் பெரிய ஹானி ஒன்றும் வந்துவிடாது. பொரோட்டாவுக்குப் பயந்து சப்பாத்திக்கு ஓடுகிறவர்கள் அந்தச் சப்பாத்தி கல்லில் எண்ணெய் குடிப்பதை ஒரு முறை நின்று பார்த்துவிட்டு ஓடுவது நல்லது. ஆப்பம், இடியாப்பம், இட்லி இவை ஆவியிலோ சிறிதளவு எண்ணெயிலோ வெந்தவை. இட்லி ஒன்றுக்கு ஐம்பது அறுபது கலோரிக்கு மேல் போகாது. புட்டும் பயறும் நம் ஜில்லாவின் காலை ஆகாரங்களில் தலைசிறந்த ஜோடி என்பேன். பயறு இருக்கும்போது பழமும் சர்க்கரையும் அந்தப் புட்டுக்கு அனாவசியம்.

மத்தியானப் பார்சல் சாப்பாட்டின் ரகசியம் வேறு விதம். ஹோட்டலில் உட்கார்ந்து உண்பவருக்கு இரண்டாம் முறை சோறு உண்டு. பார்சல் வாங்குகிறவருக்கு அது கிடையாது என்பதால், அந்த இரண்டாம் முறையையும் தர்மசிந்தையோடு முதலிலேயே அழுத்திக் கட்டிவிடுகிறார்கள். அரைக் கிலோ சோறு உள்ளே இருக்குமானால் அதுமட்டுமே 650 கலோரி. ஒருவருக்கென்று வாங்கியதை இருவர் உண்டு, மிச்சப்பட்ட காசுக்கு ஒரு அவித்த முட்டையோ ஒரு தோரனோ கூடுதலாக வாங்குவது குறைந்தபட்ச சாமர்த்தியம். முட்டை ஒன்று எழுபத்தைந்து கலோரிதான். ஆனால் பசியை வெகு நேரம் தள்ளிப்போடும். (வாட்டிய வாழையிலையில் கட்டிய பொதிச்சோற்றின் மணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம், 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பைகளில் கொதிக்கும் சாம்பாரை இன்னும் ஊற்றித் தருகிற கடைகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம். இரண்டுக்கும் இங்கே இடமில்லை.)

இத்தனையையும் வாங்குகிறவரே ஏன் மனக்கணக்காகப் போட வேண்டும், கடைக்காரர் எழுதி ஒட்டக் கூடாதா என்று கேட்கலாம். சட்டம் இருக்கிறது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் வகுத்து, 2022-இல் அமலுக்கு வந்த விதிகளின்படி, மத்திய லைசென்ஸ் பெற்ற அல்லது பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கிற உணவகங்கள், ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே அதன் கலோரியை விலைப்பட்டியலில் காட்ட வேண்டும். நகரத்துப் பெரிய கம்பெனிகளின் பர்கருக்கும் பீட்ஸாவுக்கும் இதனால் எண் கிடைத்தது. ஆற்றங்கரைச் சாயாக் கடைக்கும் சந்திப்புத் தட்டுக்கடைக்கும் இது பொருந்தாது. பொருந்த வேண்டும் என்று நான் வாதிடவும் மாட்டேன். கையால் அள்ளிப் போடுகிற கடையில், திங்கட்கிழமைப் பொட்டலமும் செவ்வாய்க்கிழமைப் பொட்டலமும் ஒரே எடையில் இராது. அங்கே ஒட்டப்படும் எண் வெறும் அலங்காரமாகவே முடியும். எண் உள்ள கடையில் எண்ணைப் படிப்பதும், எண் இல்லாத கடையில் எண்ணெயைப் பார்ப்பதுமே வழி. பலமுறை காய்ந்து கறுத்த எண்ணெய்க்கும் 2018 முதல் ஒரு வரம்பு உண்டு என்பதால், சட்டி கறுத்திருக்கிற கடையை இளைக்க விரும்பாதவர்களும் விலக்குவது நலம்.

மாலைச் சாயாவைச் சுருக்கமாக முடிக்கலாம். சர்க்கரை இல்லாத கட்டன் சாயாவில் கணக்கிடத்தக்கது ஒன்றுமில்லை. அதோடு கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து அழைக்கிற பழம்பொரியிலும் நேந்திரங்காய்ச் சிப்ஸிலுமே எல்லாம் இருக்கிறது. ஒரு மட்டிப்பழத்தைத் தோலுரித்துத் தின்பவர், ஏத்தம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துத் தின்பவரைவிடப் பழத்தின் ருசியை அதிகமாக அறிகிறார் என்பது என் கட்சி. ஆடி அமாவாசையை ஒட்டி வாவுபலிப் பொருட்காட்சி நடக்கும் நாட்களுக்கு மட்டும் இந்தப் பத்தியை ரத்து செய்துவிடுகிறேன்.

அண்மைக் காலத்தில் மார்த்தாண்டம் பகுதியின் இரவுகளைக் கைப்பற்றியிருப்பவை அரபு நாட்டுப் பதார்த்தங்கள். வளைகுடாவுக்குப் போய் உழைத்தவர்கள் பணத்தோடு ருசியையும் கொண்டுவந்தார்கள். அல்ஃபாமும் குழிமந்தியும் ஷவர்மாவும் இன்று கிராமத்துப் பையன்களுக்கும் பரிச்சயம். இவற்றைப் பழைய தலைமுறையினர் ஒரேயடியாகச் சபிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கனலில் சுட்ட அல்ஃபாம் கோழி, தோலை நீக்கிவிட்டால், எண்ணெயில் மூழ்கிப் பொரிந்த கோழியைவிட எவ்வளவோ மேல். இளைக்க விரும்புகிறவர் அந்தத் தெருவில் வாங்கத்தக்க முதல் பண்டம் அதுவே. கெடுப்பது அதன் பக்கத்துணைகள்: இறைச்சியின் கொழுப்பில் வெந்த மந்திச் சோறு, அடுக்கடுக்கான குபூஸ், எல்லாவற்றுக்கும் மேலாக மயோனைஸ். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. அது கிருமிகளைக் கருதிச் செய்த தடை. முட்டை இல்லாத மயோனைஸும் பெரும்பகுதி எண்ணெயே. மேஜைக்கரண்டி ஒன்று நூறு கலோரியை நெருங்கும்.

பெரும்பாலான ஹோட்டல்களில் கால், அரை, முழு என்ற பிரிவு முன்பே இருக்கிறது. கால் அல்ஃபாம், அரைப் பிளேட் பிரியாணி என்று கேட்பதில் கூச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் விலைப்பட்டியலைக் கவனித்தால், கால் வாங்குகிறவர் முழுவதில் கால் பங்குக்கும் கூடுதலாகவே கொடுப்பார்; காம்போ என்ற பெயரில் சோடாவும் குபூஸும் சேர்த்துத் தருகிறவர்கள், அவற்றை வேண்டாமென்று ஒதுக்குகிறவருக்கு ஒரு ரூபாயும் குறைப்பதில்லை. குறைவாக உண்பவர் விகிதத்தில் அதிகமாகக் கொடுக்கிறார். இது வியாபார சாஸ்திரம், இதை மாற்ற நம்மால் ஆகாது. இரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு முழுக் கோழியை வாங்கி நாலாகப் பகுத்துக்கொள்வது ஒன்றே இதற்கு நான் கண்ட மாற்று. அதற்கு அண்டை வீட்டாரோடு பேச்சுவார்த்தை இருக்க வேண்டும்.

அடுத்த வாரம்: கல்யாண வீட்டுப் பந்தி.

(தொடரும்)