கேலிப்பருக்குச் சிவப்பு வண்ணம்: வெப்பம் சொல்லும் விதிகள்

காரைக் கழுவும்போதுகூட யாரும் துடைக்காத உலோகக் கட்டி ஒன்று டிஸ்க் பிரேக் உள்ள ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் இருக்கிறது. சுழலும் டிஸ்க்கை இருபுறமும் பிரேக் பேடுகளால் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும் கேலிப்பர்தான் அது. பெரும்பாலான கார்களில் அது வார்ப்பிரும்பால் ஆனது. தொழிற்சாலையில் ஏற்றிய மெல்லிய பூச்சு தேய்ந்ததும் ஈரமும் ஆக்சிஜனும் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அந்த வேலையைத் துரிதப்படுத்தும். குளிர்காலத்தில் சாலையெங்கும் உப்பைத் தூவும் கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் கேட்கவே வேண்டாம். வீல் கப்புக்குப் பின்னால் மறைந்திருந்தவரை இந்தத் துரு யார் கண்ணிலும் படவில்லை. அலாய் வீல் பரவலானதும் ஆரங்களின் இடைவெளியில் அப்பட்டமாகத் தெரிகிறது.

கேலிப்பருக்குத் தாமே பெயிண்ட் அடிப்பது பல நாடுகளில் கார் பிரியர்களின் விடுமுறை நாள் வேலையாகிவிட்டது. செலவு குறைவு, துருவையும் தடுக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் வீட்டுக் கேட்டுக்கு எனாமல் அடிக்கிற மாதிரி இதை அடித்துவிட முடியாது. கடும் வெப்பமும், பெயிண்டை அரிக்கும் திரவமும், சுடும் இரும்புத் தூளும் ஒன்றுசேரும் இடம் அது. அதற்கும் மேலே, உயிரைக் காக்கும் பாகம்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் இயக்க ஆற்றல் உராய்வால் வெப்பமாக மாறுகிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் உள்ள ஆற்றல் சுமார் 4.6 லட்சம் ஜூல். ஒரே மூச்சில் அதை நிறுத்தினால், ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு வெப்பம் சில வினாடிகளில் பிறக்கும். வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் அதில் பெரும்பங்கு முன்சக்கர பிரேக்குகளின் தலையில் விழும். மலைப்பாதையில் கணக்கு இன்னும் பெரிது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,850 மீட்டர் இறக்கம். அதே கார் அடிவாரத்தைத் தொடும்போது இழந்திருக்கும் நிலை ஆற்றல் 2 கோடி ஜூலுக்கும் அதிகம். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நாற்பது தடவைக்கு மேல் நிறுத்தியதற்குச் சமம். கீழ் கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பெரிய பங்கைச் சுமந்துகொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் கிட்டத்தட்ட எல்லாமே டிஸ்க்குக்குத்தான்.

நகர ஓட்டத்தில் டிஸ்க் நூறு, இருநூறு டிகிரி செல்சியஸில் இருக்கும். கடுமையான இறக்கத்தில் 400 டிகிரியையும் தாண்டலாம். கேலிப்பர் அவ்வளவு சூடாவதில்லை, ஆகவும் கூடாது. அதற்குள்ளே பிஸ்டனைச் சுற்றி ரப்பர் சீல், பிஸ்டனுக்குப் பின்னால் பிரேக் ஆயில். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகோ 155 டிகிரி இருந்தாலே போதும் என்கிறது தரவிதி. ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் மெத்தென்று உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. கேலிப்பரே 200 டிகிரியைத் தாண்டி வெந்துகொண்டிருந்தால் கவலைப்பட வேண்டியது பெயிண்டைப் பற்றி அல்ல. டின்னில் அச்சிட்டிருக்கும் பிரம்மாண்டமான வெப்ப எண்ணைப் பார்த்து மயங்காமல் இருக்க இது ஒரு நல்ல காரணம்.

சாதாரண எனாமல் இங்கே தோற்பதற்கு வெப்பம் பாதிக் காரணம்தான். தொடர்ந்து சூடுபட்டால் அதன் பிசின் மஞ்சளாகி, மொரமொரத்து, செதிலாக உரியும். மீதிப் பாதி பிரேக் ஆயில். டாட் 3, டாட் 4 ஆயில்களில் இருக்கும் கிளைக்கால் ஈதர்கள் வலுவான கரைப்பான்கள். பானெட் அருகே ஆயில் ஊற்றும்போது ஒரு துளி சிந்தினாலும் மெக்கானிக்குகள் பதறிப்போய்த் தண்ணீர் விட்டுக் கழுவுவது அதனால்தான். கேலிப்பரில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும் ஒவ்வொரு முறையும் சில துளிகளாவது வழியும்.

இதற்கு வேதியியல் இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, ஹார்ட்னர் கலந்து பூசும் எப்பாக்ஸி வகை. கலந்ததும் மூலக்கூறுச் சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து, கரைப்பான் எளிதில் நுழைய முடியாத வலையாகிவிடும். மற்றொன்று சிலிக்கோன் பிசின் கலந்த ஸ்பிரே. சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 450 கிலோஜூல் தேவை. கார்பன்–கார்பன் பிணைப்புக்குச் சுமார் 350 போதும். சைலன்சருக்கு அடிக்கும் பெயிண்டுகள் தாக்குப்பிடிப்பதற்கு இதுவே அடிப்படை. ஆனால் சிலிக்கோன் பெயிண்ட் முழுதாக இறுகுவதற்குச் சூட்டில் சுட வேண்டும். அதுவரை பிரேக் ஆயில் பட்டால் இளகிவிடும். வண்டியிலேயே மாட்டியிருக்கும் கேலிப்பரை அடுப்பில் வைக்க முடியாது. ஆகவே வீட்டு வேலைக்கு, பிரஷால் தடவும் இரட்டைக் கலவை எப்பாக்ஸியே பொருத்தமானது.

நிறமும் வெப்பத்துக்குக் கட்டுப்பட்டதே. கண்ணைப் பறிக்கும் சிவப்புகளில் பல கரிமச் சேர்மங்கள். 200, 300 டிகிரியில் சிதைந்து மங்கும். எந்தச் சூட்டுக்கும் அசராத மலிவான சிவப்பு இரும்பு ஆக்சைடு. அதுவோ செங்கல் நிறம். சைலன்சர் பெயிண்டுகள் பெரும்பாலும் கறுப்பிலும் வெள்ளியிலும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயிண்ட் அடித்தால் பிரேக் குளிரும் என்றும், இல்லை, வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும் என்றும் இரு கட்சிகள் உண்டு. இரண்டுமே நிற்காது. பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அது தரும் வெப்பத் தடை, உலோகத்தைச் சுற்றியுள்ள காற்றுப் படலம் தரும் தடையில் சில விழுக்காடுகூட வராது. கறுப்பு வெப்பத்தை நன்றாக வெளிவிடும், சிவப்பு விடாது என்பதும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வைத்துப் போடும் கணக்கு. அந்தச் சூட்டில் கேலிப்பர் வெளிவிடுவது அகச்சிவப்புக் கதிர். அதில் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் எல்லாப் பெயிண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், முழுமையான கதிர்வீசியில் 90 விழுக்காடு வரை. பளபளப்பாகத் தேய்த்த அலுமினியம்தான் கஞ்சம். பத்து விழுக்காட்டுக்குள் நின்றுவிடும்.

வெப்பத்தோடு தொடர்பில்லாவிட்டாலும் கேலிப்பரின் நிறத்துக்கு வேறொரு கதை உண்டு. டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் காப்புரிமை பெற்றது 1902இல். 1953 லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்ற பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. கேலிப்பரின் நிறத்தை அடையாளக் குறியாகவே ஆக்கியது போர்ஷே: வேகமான ரகங்களுக்குச் சிவப்பு, செராமிக் டிஸ்க்குக்கு மஞ்சள், ஹைபிரிடுக்கு இளம்பச்சை. டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க்குக்கு வெள்ளை என்பது 2017இல் கயென் காரோடு வந்தது. பிரேக் தூள் மிகக் குறைவு என்பதைக் காட்டத்தான் அழுக்கு பளிச்சென்று தெரியும் வெள்ளையைத் தேர்ந்தெடுத்தார்கள். நிறம் அங்கே உள்ளே இருக்கும் பொறியியலைச் சொல்கிறது. வீட்டில் பூசும் சிவப்பு பிரேக்கின் பலத்தைக் கூட்டாது; துருவைத் தடுப்பதும் அழகும்தான் அதன் லாபம். அந்த லாபம் போதும்.

பெயிண்ட் அடிக்கும் வேலையில் முக்கால் பங்கு பிரஷைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்துத்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். படிந்திருக்கும் கருந்தூளைக் காற்று அடித்து ஊதக் கூடாது. பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், இல்லாவிட்டாலும் நுண்ணிய உலோகத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து, கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடைசியில் பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். உப்பும் துருவும் மிச்சமிருந்தால் பூச்சுக்கு அடியில் ஈரத்தை இழுத்து, கொப்புளம் கிளப்பி, அடுத்த மழைக்காலத்தில் பெயிண்டோடு சேர்ந்தே உதிரும்.

பூசக் கூடாத இடங்கள்தான் இந்த வேலையின் உயிர்நாடி. பெரும்பாலான டிஸ்க் பிரேக்குகளில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பெடலை மிதிக்கும்போது பிஸ்டனைப் பிடித்திருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல் லேசாக வளைகிறது. காலை எடுத்ததும் நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னே இழுக்கிறது. பேட் டிஸ்க்கை விட்டு விலகுவது அந்த மயிரிழையால்தான். பேடின் இரு காதுகளும் தங்கும் பள்ளத்தில் பெயிண்ட் புகுந்தால் பேட் நகராமல் சிக்கி, டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். மைலேஜ் குறையும், சூடு ஏறும், ஆயில் கொதிக்கும் அபாயம் வரும். கேலிப்பர் நகரும் பின்கள், பிஸ்டனின் ரப்பர் உறை, ஏர் எடுக்கும் நிப்பிள், போல்ட் உட்காரும் முகங்கள், சக்கரம் பொருந்தும் ஹப் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடியே ஆக வேண்டும். இறுக்கிய பரப்புகளுக்கு நடுவே பெயிண்ட் இருந்தால் சூட்டில் அது நசுங்கி, போல்ட்டின் பிடி தளரும். டிஸ்க்கில் ஒரு சொட்டு பட்டாலும் உடனே கிளீனரால் துடைக்க வேண்டும். கேலிப்பரைக் கழற்ற நேர்ந்தால் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைப்பது அவசியம்.

பூச்சு மெல்லியதாக, இரண்டு மூன்று தடவையாக ஏற வேண்டும். ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் மேலே தோல் கட்டி, உள்ளே கரைப்பான் சிக்கி, முதல் சூட்டிலேயே கொப்புளிக்கும். ஹார்ட்னரின் ஆவி மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். கதவை அடைத்த ஷெட்டுக்குள் அல்லாமல் திறந்த வெளியில், முகக்கவசத்தோடும் கையுறையோடும் பூசுவதே முறை.

டின்னில் குறிப்பிட்ட நேரம் முழுதும் காய்ந்த பிறகு சக்கரத்தை மாட்டி, வீல் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, டார்க் ரெஞ்சால் உரிய அளவுக்கு இறுக்க வேண்டும். வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைச் சில முறை மிதித்துக் கெட்டியாக நிற்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். வேலையின்போது பிஸ்டன் பின்னே தள்ளப்பட்டிருந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. முதல் ஓட்டத்தில் பெயிண்ட் வாடை கொஞ்சம் வரும். பிரேக்கை அதிகம் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் தொடாமல் கையை நீட்டி அனல் எப்படி வீசுகிறது என்று ஒப்பிட வேண்டும். முன்சக்கரம் இரண்டில் ஒன்று மட்டும் மற்றதைவிடத் தகித்தால், அங்கே ஒரு பேட் சிக்கியிருக்கிறது. சக்கரத்தை மறுபடி கழற்றி, பள்ளத்தில் புகுந்த பெயிண்டைச் சுரண்டி எடுத்த பிறகே வண்டி சாலைக்குப் போகலாம்.